பட்டமும் சட்டமும்

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது நம் நாட்டுப்புறத்தார் வாய்மொழி. பட்டம் என்பது விதைப்புக்குரிய காலம். வானத்தையும் ஆற்றையும் பார்த்துப் பல தலைமுறைகளாக உழவர் தாமே குறித்துக்கொண்ட நாள் அது. அதற்கு எவரும் சட்டம் இயற்றியதில்லை.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊர்க் குறுவைக்கு நாள் குறிப்பது மேட்டூர் அணை. 1934ஆம் ஆண்டு முதல் பயனுக்கு வந்த அவ்வணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. அணையில் நீர் இருந்தால் அன்று மதகு தூக்குவர். இல்லையேல் அவ்வாண்டு குறுவை இல்லை. சிறுவயதில் செய்தித்தாளில் நாங்கள் முதலில் தேடியது மேட்டூரின் நீர்மட்டத்தைத்தான்.

மண்ணியல் முதுநிலைப் படிப்புக்காக லூதியானாவுக்கு வந்த முதலாண்டில் ஒரு செய்தி கேட்டு வியந்தேன். இந்தப் பஞ்சாபில் நாற்று நடும் நாளை அணை குறிப்பதில்லை, வானமும் குறிப்பதில்லை. சட்டம் குறிக்கிறது! 2009ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் எழுதியபடி மே 10க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது. ஜூன் 10க்கு முன் வயலில் நடக்கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் தண்டம். நட்ட பயிரையும் அழித்துவிடலாம். அதற்கான செலவும் உழவர் தலையிலேயே விழும்.

இப்படி ஒரு சட்டம் ஏன் வேண்டியிருந்தது? அது என்ன நன்மை செய்தது? எந்தத் தீமையை அறியாமல் அழைத்துவந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் விளைச்சல், அரசின் கொள்கை, தட்பவெப்பம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பது விளங்கும். நம் மாணவ நண்பர்கள் பலர் பொறியியலும் வணிகமும் பயில்பவர்கள். அவர்களும் பின்தொடரும் வண்ணம் கூறமுயல்கிறேன்.

விளைச்சல் பெருகிய வகை

1965, 1966ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கவேண்டிய நிலை. அப்போது மத்திய உணவு வேளாண்மை அமைச்சராக இருந்தவர் கொங்குநாட்டவரான சி. சுப்பிரமணியம். புதுதில்லியில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை ஆய்வை நடத்தியவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையின் விதை 18,000 டன், 1966இல் இங்கு வரவழைக்கப்பட்டது.

குட்டையாயிருப்பதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நெடிய பயிருக்கு உரம் மிகுதியாக இட்டால் அது உயர்ந்து வளர்ந்து, கதிர்ப்பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் சாயாது. இட்ட உரத்தைத் தாளுக்குக் கொடாமல் மணிக்குக் கொடுக்கும். நெல்லில் அதே குணமுடைய ஐ.ஆர்.8, பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1966இல் வெளிவந்தது.

விதை மட்டும் வந்திருந்தால் இத்தனை மாற்றம் நேர்ந்திராது. 1965இல் விலையைப் பரிந்துரைக்க ஓர் ஆணைக்குழுவும், விளைந்ததை வாங்க இந்திய உணவுக் கழகமும் தோன்றின. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. விதை, உரம், நீர், உறுதியான விலை என நான்கும் கூடின. பஞ்சாபில் 1960-61இல் ஹெக்டேருக்கு 1.2 டன் அளவில் நின்ற கோதுமை இன்று 5 டன்னை ஒட்டி நிற்கிறது. இங்கு 1960-61இல் நெல் விளைந்த பரப்பு 2.27 இலட்சம் ஹெக்டேர்தான். இன்று 30 இலட்சத்திற்கும் மேல்.

வியப்பு என்னவெனில் பஞ்சாபியர் நாள்தோறும் உண்பது ரொட்டி. இங்கு விளையும் அரிசியின் பெரும்பகுதி மூட்டையாகி, இரயிலேறி, பிற மாநிலங்களின் நியாயவிலைக் கடைகளுக்குச் செல்கிறது. இவர்கள் நெல்லை விரும்பி உண்பதற்காக விளைவிக்கவில்லை. நாடு கேட்டது, விலை சொன்னது, விளைவித்தனர். இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் மேலே வரும் வழக்கில் நாம் நீதி தவறாமல் இருப்போம்.

கிணற்றின் கணக்கு

நெல் நிறைய நீர் வேண்டும் பயிர். பஞ்சாபில் ஒரு கிலோ அரிசிக்கு 3,000 முதல் 5,000 லிட்டர் வரை நீர் செலவாகிறது என்பர். அந்நீருக்குக் காவிரி போன்ற ஓர் ஆற்றை மட்டும் இவர்கள் நம்பியிருக்கவில்லை. குழாய்க் கிணறு தோண்டினர். 1970-71இல் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த குழாய்க் கிணறுகள் இன்று ஏறத்தாழ 14 இலட்சம். 1997இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. நம் தமிழ்நாட்டில் இது 1990ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது; ஆதலால் பஞ்சாபை நோக்கி நாம் விரல் நீட்டுவதற்கில்லை.

மின்சாரம் இலவசமானபின் மோட்டாரை நிறுத்த ஒருவருக்கு என்ன காரணம் உண்டு? மே மாதத்திலேயே நட்டனர். வட இந்திய மே மாதத்தை அறியாத நண்பர் நம்மிடையே இல்லை! வெயில் 42, 43 பாகை, வறண்ட காற்று. தேங்கிய நீர் நாளொன்றுக்குப் பத்து மில்லிமீட்டர் அளவு ஆவியாகிப் பறக்கும். பருவமழை பஞ்சாபை எட்டுவதோ ஜூன் இறுதியில். ஆக, மே மாதத்தில் நட்ட பயிர் ஐந்தாறு வாரங்கள் முழுவதும் கிணற்று நீரையே குடித்தது. நடு மாவட்டங்களில் நீர்மட்டம் ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் இறங்கிற்று. மேலிருந்து உறிஞ்சும் பழைய மோட்டார்களைத் தூக்கியெறிந்து, கடன்பட்டு, நீரில் மூழ்கும் மோட்டார்களை இறக்கினர். இன்றும் மழையாலும் கால்வாயாலும் ஆண்டில் ஊறுவதைவிட மிக அதிகமாகவே இறைக்கப்படுகிறது. சேமிப்பைத் தின்னும் குடும்பம் எத்தனை நாள் நிலைக்கும்?

இதை எவரும் முன்னறிந்து கூறவில்லையா? கூறினர். 1968 சனவரியில் காசிமாநகரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், வெற்றியின் தலைவாயிலில் நின்றுகொண்டே, சுவாமிநாதன் எச்சரித்தார். மண்ணின் வளத்தைப் பேணாமல் பயிர் மேல் பயிர் செய்வதும், கணக்கின்றி நிலத்தடி நீரை இறைப்பதும் பின்னால் பெருங்கேட்டில் முடியும் என்பது அவர் உரையின் கருத்து. 1986இல் பொருளியல் அறிஞர் ஜோல் தலைமையிலான குழு, நெல் கோதுமைப் பரப்பில் ஐந்திலொரு பங்கையேனும் வேறு பயிருக்கு மாற்றவேண்டுமெனப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருந்தது; நெல் வயலில் வளர்ந்தது. மக்காச்சோளத்துக்கும் அரசு விலை அறிவிக்கிறது. ஆனால் நெல்லைப்போல் வந்து வாங்குவதில்லை. அறிவித்த விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு என்பது உழவருக்குத் தெரியும்.

இந்நிலையில் வந்ததுதான் 2009ஆம் ஆண்டுச் சட்டம். அரியானாவும் அதே ஆண்டில் இதையொத்த சட்டம் செய்தது. கடும் வெயிலில் நடவைத் தவிர், மழையோடு நடவைச் சேர் என்பது அதன் அறிவியல். அறிவியலில் பிழையில்லை. தள்ளி நட்டதனால் ஆவியாகும் நீர் மிஞ்சிற்று என்பது உண்மை.

பதினெட்டு நாட்கள்

பிழை வேறோரிடத்தில் இருந்தது. அதை நான் நூலிலிருந்து கற்கவில்லை. ஒரு முதியவரிடமிருந்து கற்றேன்.

முதலாண்டு அக்டோபரில், மண் மாதிரி எடுப்பதற்காக லூதியானாவுக்கு வெளியே ஒரு சிற்றூருக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். ஊர்க்கூட்டத்தில் மாணவர் ஒருவர் வைக்கோல் எரிப்பின் தீமையைப் பற்றிப் பேசவேண்டும். அப்பணி எனக்கு வந்தது. எனக்கு அப்போது தெரிந்த அரைகுறைப் பஞ்சாபியில் ஆவேசமாகவே பேசினேன். புகையினால் குழந்தைகள் இருமுவதைச் சொன்னேன். ஒரு டன் நெல் வைக்கோலில் 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும், 400 கிலோ கரிமமும் உள்ளன. தீயிட்டால் தழைச்சத்தும் கரிமமும் ஏறக்குறைய முழுவதும் போய்விடும் என்று கணக்குக் காட்டினேன். “எங்கள் ஊரில் இப்படி யாரும் எரிப்பதில்லை” என்றும் சொல்லி வைத்தேன். இதுதான் நான் செய்த பெரும்பிழை.

கூட்டம் கலைந்தபின் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் என்னைக் கயிற்றுக்கட்டிலில் அமர்த்தித் தேநீர் கொடுத்தார். கோபம் கொள்ளவில்லை. நிதானமாகக் கேட்டார்:

“பேட்டா, நெல் போடு, வாங்கிக்கொள்கிறோம் என்று சர்க்கார் சொன்னது, போட்டேன். ஜூனுக்கு முன்னால் நடாதே என்றது, நடவில்லை. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைக்கவேண்டும் என்று உங்கள் காலேஜ் புத்தகம் சொல்கிறது, விதைக்கிறேன். நெல்லை அறுத்த நாளுக்கும் கோதுமை விதைக்கும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் இருக்கிறது? நீ படித்த பிள்ளை, எண்ணிச் சொல்.”

“பாபாஜி, எண்ணிவிட்டு வருகிறேன்” என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு விடுதியில் குறிப்பேட்டை விரித்து எண்ணினேன். நீங்களும் என்னுடன் எண்ணிப்பாருங்கள்.

சட்டத்தில் எழுதிய ஜூன் 10 பின்னர் மாறிக்கொண்டே வந்தது; 2018இல் அது ஜூன் 20. அந்நாளில் 30 நாள் நாற்றை நடுவதாகக் கொள்வோம். பஞ்சாபியர் விரும்பிப் பயிரிட்ட பூசா 44 ரகத்தின் வயது, விதைத்தது முதல் 160 நாட்கள். நாற்றங்காலில் கழிந்த 30 போக வயலில் 130. ஜூன் 20லிருந்து 130 நாட்கள் எண்ணினால் அக்டோபர் 28. கோதுமையை நவம்பர் 15க்குள் விதைத்தல் நலம். அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றளவு குறையும் என்பது எங்கள் பாடம். மிஞ்சுவன 18 நாட்கள்! அதற்குள் அறுவடை இயந்திரத்துக்கு முறை காத்திருந்து, நெல்லை மண்டிக்கு ஏற்றி, நிலத்தைத் துப்புரவாக்கி, மீண்டும் உழுது விதைக்கவேண்டும். இயந்திரம் கதிரை அறுத்துவிட்டு முழங்காலளவு தாளையும் அதன்மேல் வைக்கோலையும் விட்டுச் செல்கிறது. மாநிலம் முழுவதும் அவ்வாறு கிடப்பது ஏறத்தாழ இரண்டு கோடி டன். ஒரு தீக்குச்சியின் விலை என்ன?

“எங்கள் ஊரில் எரிப்பதில்லை” என்றேனே, அதன் காரணமும் அன்றுதான் உறைத்தது. எங்கள் ஊர் உழவர் இவர்களைவிட நல்லவர் என்பதனால் அன்று. எங்கள் பக்கம் குறுவைக்குப் பின் வருவதும் நெல்லே. சேற்றில் தாளை மிதித்து உழுதால் அது மக்கிவிடும். அதன்மேல் நடும் இரண்டாம் பயிருக்குத் தாளடி என்ற பெயரே உண்டு. வைக்கோல் எங்கள் மாட்டுக்குத் தீனி. இங்கோ நெல்லுக்குப் பின் வருவது கோதுமை. அதற்குச் சேறு ஆகாது, உலர்ந்த பொலபொலத்த மண் வேண்டும். மாட்டுக்கோ கோதுமை வைக்கோலே இங்கு விருப்பமான தீனி. மணற்சத்து மிகுந்த நெல் வைக்கோலை அவ்வளவாகக் கொடுப்பதில்லை. பயிர்முறை வேறு, ஆகவே பழக்கமும் வேறு. ஒழுக்கத்தில் வேறுபாடில்லை.

நீரைக் காக்க நடவைத் தள்ளினோம். நடவு தள்ளவே அறுவடை தள்ளிற்று. அறுவடை தள்ளவே தீ குறுகிய சில நாட்களில் குவிந்தது. அதுவும் எப்போது? அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும். காற்றோட்டம் ஓய்ந்து, குளிர்ந்த காற்று நிலத்தோடு படிந்து, புகை மேலெழ வழியின்றி நிற்கும் காலம் அது. இந்த உறவை 2019இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை எண்களால் மெய்ப்பித்தது. ஆயினும் நியாயமும் கூறவேண்டும். தில்லி மாநகரின் மூச்சுத்திணறலுக்கு வயல் தீ மட்டுமே காரணமன்று. மோசமான சில நாட்களில் அதன் பங்கு பெரிது, பருவம் முழுவதையும் கூட்டிப்பார்த்தால் ஊர்திகள், ஆலைகள், தூசி இவற்றின் பங்கே பெரிது.

நாளைக் குறித்த சட்டம், பயிரின் வயதைக் குறிக்க மறந்துவிட்டது. இதுவே நான் கண்ட பிழை.

வானம் எழுதும் கணக்கு

இத்துடன் முடிந்ததா? இல்லை. 2022 மார்ச்சு மாதம், 1901 முதல் எழுதிவைக்கப்பட்ட கணக்கில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச்சு. கோதுமை மணியில் பால் பிடித்து முற்றும் தறுவாயில் அனற்காற்று வீசினால், பயிர் விரைந்து பழுத்துவிடும். மணி சுருங்கிச் சூம்பிப்போகும். அவ்வாண்டு அதுதான் நடந்தது. மே 13ஆம் நாள் கோதுமை ஏற்றுமதியையே அரசு நிறுத்தியது. கோதுமையைப் பிந்தி விதைத்தவருக்கு இழப்பு மிகுதி. நெல் பிந்தினால் கோதுமை பிந்தும். கோதுமை பிந்தினால் மார்ச்சு வெயிலில் மாட்டிக்கொள்ளும். உலக வெப்பம் உயர உயர இந்தக் கண்ணி இறுகும்.

உழவு வெப்பத்தால் துன்புறுவது மட்டுமன்று. வெப்பத்துக்கு ஓரளவு காரணமும் ஆகிறது. என் ஆய்வு இத்துறையில்தான். வாரந்தோறும் நெல்வயலில் ஒளி ஊடுருவும் பெட்டியொன்றைப் பயிரின்மேல் கவிழ்த்து, சிறிதுநேர இடைவெளிகளில் ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவந்து பகுத்துப் பார்ப்பேன். நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் தாளைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்; இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. நீர் விரைவில் வடியும் பஞ்சாப் மண்ணில் இது குறைவு. நம் பக்கத்துக் கனத்த களிமண்ணில் மிகுதி. பஞ்சாபின் பங்கு வேறு வழியில் வருகிறது: ஆழத்திலிருந்து நீரை ஏற்ற எரியும் நிலக்கரி மின்சாரம், வைக்கோல் தீ, அளவுக்கு மிஞ்சிய யூரியா. யூரியா 45 கிலோ மூட்டையின் விலையை 242 ரூபாய் என்று அரசு நிறுத்திவைத்திருக்கிறது. மற்ற உரங்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. மலிவான உரத்தை உழவர் மிகுதியாக இடுகிறார். பயிர் உண்ணாமல் எஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரசு ஆக்சைடாகிறது. அதன் வலிமை கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு.

இந்தியாவின் வேளாண் வாயுக்களில் முதலிடம் அசைபோடும் கால்நடைகளுக்கே; உரமிட்ட மண்ணும் நெல்வயலும் அடுத்த இடங்களில் நிற்கின்றன. 2021இல் கிளாஸ்கோவில் மீத்தேனைக் குறைக்கும் உறுதிமொழியில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தபோது இந்தியா சேரவில்லை. இரண்டு மாடும் ஓர் ஏக்கரும் உடைய சிறு உழவரின் பிழைப்பை, செல்வ நாட்டாரின் ஊர்தியோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது என்பதே இதில் நம் நாட்டின் நிலை. அது சரியே என்பது என் எண்ணம். ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதனால் மார்ச்சு வெயில் குறைந்துவிடாது. உழவருக்கும் ஆதாயம் தருகின்ற வழி எதுவோ அதை நமக்காகவே நாம் கைக்கொள்ளவேண்டும்.

வழிகள் உண்டு

முதலாவது, குறைந்த வயதுடைய ரகம். லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பி.ஆர்.126 என்ற நெல்லின் வயது 123 நாட்கள். மீண்டும் எண்ணுங்கள். 30 நாள் நாற்றை ஜூன் 20இல் நட்டால் வயலில் 93 நாட்கள். அறுவடை செப்டம்பர் 21. கோதுமைக்கு முன் 55 நாட்கள்! மழை நன்கு பிடித்தபின் ஜூலை 10இல் நட்டாலும் அக்டோபர் 11க்கு அறுத்துவிடலாம்; அப்போதும் 35 நாட்கள் கையில் உள்ளன. நீரும் மிஞ்சுகிறது, தீயும் வேண்டியதில்லை. பூசா 44 ரகத்தை அடுத்த ஆண்டு முதல் தடைசெய்வதாகப் பஞ்சாப் அரசு 2023இல் அறிவித்தது. ஆயினும் 2024 கொள்முதலின்போது, குறைந்த வயது நெல்லில் அரிசி குறைவாகக் காண்கிறது என்று ஆலைக்காரர் சிலர் முணுமுணுக்க, மண்டிகளில் உழவர் காத்துக் கிடந்தனர். நல்ல விதையும் வாங்கும் இடத்தில் தடுக்கினால் வயலில் தோற்றுவிடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, வைக்கோலை எரிக்காமல் அதனூடே கோதுமையை விதைக்கும் இயந்திரம். ‘ஹாப்பி சீடர்’ என்று பெயர். தாளை வெட்டி வழிவிட்டு, விதையை மண்ணில் இறக்கி, வைக்கோலைப் போர்வைபோல் மேலே பரப்பிச் செல்லும். உழவு மிச்சம்; மண்ணில் ஈரம் நிற்கும்; மார்ச்சு வெப்பத்தையும் பயிர் சற்றுத் தாங்கும். 2018 முதல் இத்தகைய கருவிகளுக்குத் தனி உழவருக்குப் பாதி விலையும், கூட்டுறவுக்கு நூற்றுக்கு எண்பதும் அரசு மானியம் தருகிறது. இடர்ப்பாடு என்னவெனில், ஆண்டில் இருபது நாள் மட்டும் ஓடும் கருவியைச் சிறு உழவர் சொந்தமாக வாங்க இயலாது. வாடகைக்கோ, எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்கின்றனர். அறுவடை நாட்கள் பரவலானால்தான் ஒரு கருவி பல வயல்களுக்குப் பயன்படும். முதல் வழி இல்லாமல் இரண்டாம் வழி நொண்டும்.

மூன்றாவது, நேரடி விதைப்பும் காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர்முறையும். நாற்றுவிடாமல் விதைத்தால் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு நீர் மிஞ்சும். 2022 முதல் பஞ்சாப் அரசு இதற்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் தருகிறது. களை மிகும் என்பது இதன் குறை. நம் பக்கத்துக்கு ஏற்றது இரண்டாவது முறை. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செண்டிமீட்டர் இறங்கியபின் மீண்டும் நீர் விடுவர். மண்ணுக்குள் காற்றுப் புகுவதால் மீத்தேன் பெருமளவு குறைகிறது, விளைச்சல் குறைவதில்லை. நைட்ரசு ஆக்சைடு சற்றுக் கூடலாம். ஆதலால் உரத்தையும் அளந்து இடவேண்டும்.

நான்காவது, மின்சாரம். இலவசத்தைப் பறித்தால் உழவர் வீதிக்கு வருவார், வருவதும் நியாயம். பஞ்சாபில் 2018இல் ஒரு புதுமுறையைச் சில மின்தொடர்களில் தொடங்கினார்கள். உழவருக்குரிய மின்சாரத்துக்கு ஓர் அளவு வைத்து, அதற்குள் மிச்சப்படுத்திய ஒவ்வோர் அலகுக்கும் 4 ரூபாய் அவருக்கே கொடுப்பது. இறைக்காத நீருக்கும் ஒரு விலை கிடைக்கிறது. பறிப்பதைவிடப் பகிர்வது நன்று.

தண்டனை என்ன செய்கிறது? 2024 நவம்பரில் எரிப்புக்கான தண்டத் தொகை இரட்டிக்கப்பட்டு, 5 ஏக்கருக்கு மேலுடையவருக்கு 30,000 ரூபாயாயிற்று. பஞ்சாபில் செயற்கைக்கோள் எண்ணிய தீக்கள் 2021இல் 71,304; 2024இல் 10,909. மகிழத்தக்க இறக்கமே. ஆயினும் செயற்கைக்கோள் கடந்து செல்லும் நேரம் அறிந்து, அதன்பின் தீயிடுவோரும் உண்டு. ஆதலால் எண் இறங்கிய அளவுக்குப் புகை இறங்கவில்லை. அச்சத்தால் அணையும் தீ, நேரம் பார்த்து மீண்டும் எரியும். அவசியம் நீங்கினால்தான் அது முற்றும் அணையும்.

முடிவுரை

இரண்டாம் ஆண்டும் அதே ஊருக்குச் சென்றேன். பெரியவரிடம் என் குறிப்பேட்டைக் காட்டி, “பாபாஜி, பதினெட்டு நாள்” என்றேன். சிரித்தார். தம் நிலத்தில் பாதியில் பி.ஆர்.126 போட்டிருப்பதாகவும், மற்றப் பாதியை விற்பனை எப்படியிருக்கிறதென்று பார்த்துவிட்டே முடிவு செய்யப்போவதாகவும் சொன்னார். அறிவியலையும் கொள்கையையும் ஒருங்கே எடைபோட்டுப் பார்க்கும் அறிஞர் அவரே என்று எனக்குத் தோன்றிற்று. அவருடைய மறுபாதி நிலத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தால் மட்டும் மாற்ற முடியாது. மண்டியில் நெல் நிற்காமல் விலைபோனால் மாறும்.

விளைச்சலைப் பெருக்குவது விதையின் வேலை என்று எண்ணி இங்கு வந்தேன். இப்போது வேறொன்று கற்றிருக்கிறேன். நீருக்கு ஓர் அலுவலகம், விலைக்கு ஓர் அலுவலகம், உரத்துக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று எனத் தனித்தனியே கோப்புகள் நடக்கலாம். வயல் ஒன்றுதான். ஒரு கோப்பில் தீர்ந்த துன்பம் அவ்வயலின் வழியாக அடுத்த கோப்புக்குப் போய்ச் சேர்கிறது. சட்டம் செய்வோர், அதன் விளைவை ஜூனிலிருந்து மார்ச்சு வரை நாள் நாளாக எண்ணிப்பார்த்துச் செய்யவேண்டும். அதை எண்ணிக்கொடுப்பது எங்களைப் போன்ற மாணவரின் கடமை.

தமிழ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர் பயிரிடும் நெல்லின் வயது என்ன, கிணற்றில் நீர் பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை அடியில் இருந்தது, இப்போது எத்தனை அடி என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதிவாருங்கள். நவம்பர்ப் புகையில் கண் எரியும்போது உழவரை வைவதற்கு முன் அந்தப் பதினெட்டு நாட்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.